விடிய விடியக் காத்தான்

காத்தான் கூத்து ஒரு காதல் கதை என்பது எனக்கு வெகுகாலம் தெரியாது. சின்ன வயதில் அதை ஒரு தாய்க்கும் மகனுக்கும் நடக்கிற சண்டையாகவே பார்த்து வந்தேன். மகன் ஒன்றைக் கேட்கிறான், தாய் தரமாட்டேன் என்கிறாள். எங்கள் வீட்டிலும் அன்றாடம் அதுதான் நடந்தது. காத்தான் ஆரியமாலையைக் கேட்டான், நான் கோயில் திருவிழாக் கடையில் தொங்கிய விளையாட்டுத் துவக்கைக் கேட்டேன். இரண்டு பேருக்கும் தாய்மாரிடமிருந்து கிடைத்த பதில் ஒன்றுதான்.

வடமராட்சியில், நெல்லியடியிலிருந்து பருத்தித்துறைக்குப் போகிற வழியில் உள்ளொழுங்கையால் இறங்கினால் எங்கள் ஊர். 1970களின் முற்பாதி. வெளிநாட்டிலிருந்து வெங்காயமும் செத்தல் மிளகாயும் இறக்குமதியாவதை அரசாங்கம் நிறுத்தியிருந்த காலம். கொழும்பில் பாணுக்கு வரிசை நின்றார்கள் என்று பேப்பரில் வந்தது. எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் கையில் மட்டும் அதுவரை காணாத காசு புழங்கியது. வெங்காயம் கிண்டி லொறியில் ஏற்றிய கையோடு சிலர் கல்வீடு கட்டத் தொடங்கினார்கள், சிலர் வோட்டர் பம்ப் வாங்கினார்கள். அம்மன் கோயிலடியில் கூத்துப் போடவும் அந்தக் காசுதான் வந்தது.

கூத்துப் போட ஒரு காரணமும் வேண்டும். வீட்டில் யாருக்காவது அம்மாள் வருத்தம் வந்திருக்கும். வாசலில் வேப்பிலை செருகி, பிள்ளையை வாழையிலையில் கிடத்தி வைத்திருக்கிறபோது ஆச்சி கையெடுத்துக் கும்பிட்டு, "பிள்ளைக்குச் சுகமாக்கித் தா தாயே, உன்ரை வாசலிலை காத்தான் ஆடுவிக்கிறம்" என்று நேர்ந்துவிடுவாள். முத்துமாரி முத்துப் போடுகிறவள், முத்தை இறக்குகிறவளும் அவளே. அவள் மகன் கதையை அவள் வாசலில் ஆடிக் காட்டினால் மனம் குளிர்வாள் என்பது கணக்கு. மழை பொய்த்தாலும் இதே நேர்த்திதான். எனவே கூத்து எங்களுக்குப் பொழுதுபோக்கு அல்ல, கொடுத்துத் தீர்க்க வேண்டிய கடன். கடன் தீர்க்கிற சாட்டில் ஊரே இரண்டு மாதம் சந்தோஷமாக இருந்தது என்பது வேறு விஷயம்.

பழக்கம் சனசமூக நிலையத்தில் நடக்கும். பின்னேரம் ஈழநாடும் வீரகேசரியும் கிடக்கிற நீள மேசையைச் சுவரோடு தள்ளிவிட்டு, வாங்குகளை வெளியே தூக்கிப் போட்டால் கூடம் காலியாகிவிடும். அண்ணாவியார் வேறு ஊர். பழைய றலி சைக்கிளில் ஆறரை மணி போல வருவார். வந்ததும் வெற்றிலை, பிறகு தேத்தண்ணி, அதன் பிறகுதான் பாட்டு. கூத்துக் கொப்பி என்று ஒன்று இருந்தது. கணக்கெழுதுகிற தடித்த கொப்பி, சிவப்பு மட்டை, உள்ளே ஆரோ ஒருவரின் அழகான சாய்வெழுத்து. அண்ணாவியார் அதைத் திறந்து நான் கண்டதில்லை. அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டுப் பக்கத்தில் வைப்பார். பாட்டு முழுவதும் அவர் நெஞ்சில் கிடந்தது. கொப்பியைப் பார்த்துச் சொல்லிக்கொடுக்க ஒரு வாத்தியார் இருந்தார். அவர் வாசிப்பதும் அண்ணாவியார் பாடுவதும் ஒத்துவராத இடங்களில் இருவருக்கும் வாக்குவாதம் வரும். கடைசியில் கொப்பிதான் திருத்தப்படும்.

ஆளுக்கு வேஷம் ஒதுக்குவது லேசான காரியம் அல்ல. ஆடுகிறவர்கள் எல்லாரும் எங்கள் ஊர்ச் சனம்: தோட்டக்காரர், மேசன், லொறிக் கிளீனர், சங்கக்கடை மனேச்சர், பள்ளிக்கூடம் விட்ட பொடியள். விடியவிடிய ஒரே ஆள் காத்தானாக ஆடித் தாக்குப்பிடிக்க முடியாது. எனவே மூன்று நான்கு காத்தான்கள் இருப்பார்கள். சின்னக் காத்தானாக ஒரு சிறுவன், பெண் கேட்டுத் திரிகிற காலத்துக்கு ஒருவர், கழுவில் ஏறுவதற்கு ஊரிலேயே நல்ல தொண்டை உள்ளவர். கழுவேறுகிற காத்தான் யார் என்பதில் இரண்டு பகுதியாகப் பிரிந்து ஒருவரோடு ஒருவர் கதைக்காமல் விட்ட வருஷமும் உண்டு. என் பெரியப்பாவின் மகன் ஒரு வருஷம் சின்னக் காத்தானாக ஆடினான். என்னைவிட ஒரு வயது மூத்தவன். அந்த இரண்டு மாதமும் அவனுக்கு வீட்டில் முட்டைக்கோப்பி கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. கொடுக்க மறுத்த பெரியம்மாவை முத்துமாரியின் இனத்தில் சேர்த்துக்கொண்டேன்.

ஆரியமாலை வேஷத்துக்கு மட்டும் போட்டி இல்லை. அது எங்கள் அடுத்த வளவு மாமாவுக்குரியது. பகலில் மேசன் வேலை. கறுத்த, நெடிய, கெட்டி மீசைக்காரர். குரல் மட்டும் அந்த உடம்புக்குப் பொருந்தாத மெல்லிய குரல். கூத்துக்கு நாள் குறித்தபின்னும் ஊர் முழுதாக நம்பாது. ஒருநாள் காலை மாமா மீசை இல்லாமல் ஒழுங்கையில் நடந்து போவார். அதன் பிறகுதான் "இந்த முறை கூத்து நிச்சயம்" என்று பெண்கள் வேலிக்கு மேலால் சொல்லிக்கொள்வார்கள். மாமியின் முறைப்பாடு அன்றைக்கே தொடங்கிவிடும்: "ஒரு மாசத்துக்கு இந்த மூஞ்சையை நான் எப்பிடிப் பாக்கிறது?"

உடுப்பில் ஒரு பகுதி பருத்தித்துறையில் வாடகைக்கு எடுப்பார்கள். முடி, புயகீர்த்தி, மணிகள் கோத்த மார்புப் பட்டை எல்லாம் அங்கிருந்து வரும். சேலைகள் ஊரிலிருந்து. அம்மாவின் கத்தரிப்பூநிறக் காஞ்சிபுரம் ஒரு வருஷம் ஆரியமாலைக்குப் போனது. கூத்து நடந்த இரவு முழுக்க அம்மா ஆரியமாலையைப் பார்க்கவில்லை, சேலைக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உவர் நிலத்திலை இழுக்கிறார்... ஐயோ, பெற்றோல்மாக்ஸுக்குக் கிட்டப் போறார்" என்று என் காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆரியமாலையின் துயரம் அம்மாவுக்கு எட்டவேயில்லை.

அரங்கேற்றத்துக்கு முந்தி, உடுப்புப் போடாமல் வெள்ளை வேட்டியோடு முழுக்கூத்தையும் ஒருதரம் ஆடிப் பார்ப்பார்கள். வெள்ளுடுப்பு என்று அதற்குப் பேர். என்னைக் கேட்டால் கூத்தில் மிக நல்ல இரவு அதுதான். சிவனும் முத்துமாரியும் ஒரே மாதிரி வேட்டியில் நிற்க, யார் யார் என்பதைப் பாட்டிலிருந்தே பிடித்துக்கொள்ள வேண்டும். பிழைவிட்டால் அண்ணாவியார் தாளத்தால் மேசையில் ஓங்கி ஒரு அடி. ஆடினவர்கள் அந்த இடத்திலிருந்து திரும்பத் தொடங்குவார்கள். நாங்கள் பொடியள் வாசலில் குந்தியிருந்து, பிழை வரப்போகிற இடம் தெரிந்து காத்திருப்போம்.

கோயில் வீதியில் கொட்டகை. தார்ப் பீப்பாக்களை நிறுத்தி மேலே பலகை அடுக்கினால் மேடை. கூரைக்குக் கிடுகு, பக்கத்துக்குப் பனையோலைத் தட்டி, பின்னுக்கு வாடகைக்கு எடுத்த சீன். அரண்மனையும் நந்தவனமும் வரைந்த சீன்கள். ஒன்றில் நந்தவனத்து மயிலின் கழுத்து கிழிந்து தைத்திருந்தது. மேடைக்கு ஒரு பக்கம் ஆர்மோனியம், மிருதங்கம், உடுக்கு, தாளம். பிற்பாட்டுக்காரரும் அங்கேதான். இரவு பூசை முடிந்து சனம் சாப்பிட்டுவிட்டு வந்து சேரப் பத்து மணியாகிவிடும். பாய், தலையணை, சுருட்டிய படங்கு, சுடுதண்ணிப் போத்தல், குழந்தைகள் என்று குடும்பம் குடும்பமாக வருவார்கள். கச்சான் கடலை விற்கிற ஆச்சிமார் போத்தல் விளக்கோடு வரிசையாக இருப்பார்கள். எந்தப் பாயில் யார் இருப்பது என்பதெல்லாம் ஊருக்குள் தெரிந்த ஒழுங்கு. கோயில் வீதிக்கு வெளியே, வேலிக்கு அங்கால் நின்று பார்க்கிற சனமும் இருந்தது. அவர்கள் ஏன் உள்ளே வந்து இருக்கவில்லை என்று அப்போது நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தலையில் ஒரு குட்டு விழுந்திருக்கும்.

கூத்தின் மெட்டுக்கள் மிகவும் எளியவை. சிந்துநடைக் கூத்து என்று படித்தவர்கள் சொல்வார்கள். ஒரே மெட்டு அடிக்கடி திரும்பி வரும். ஒரு வரியை ஆடுகிறவர் பாட, பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவார்கள், மூன்றாம் தரம் சனமும் சேர்ந்துவிடும். காத்தான் வரவு வந்தால் உடுக்கு வேகமெடுக்கும். கையில் பிரம்போடு, முழங்கால் மெல்ல மடிந்து நிமிர, நெளிந்து நெளிந்து மேடையை வட்டமாகச் சுற்றுகிற அந்த நடையை நாங்கள் அடுத்தநாள் பள்ளிக்கூட விறாந்தையில் ஆடிப் பார்த்து அடி வாங்கியிருக்கிறோம். கூத்து முடிந்தும் மாதக்கணக்காக அந்தப் பாட்டு ஊரை விட்டுப் போகாது. துலா மிதிக்கிறவர் பாடுவார், கிடுகு பின்னுகிற பெண்கள் முணுமுணுப்பார்கள்.

கதை இதுதான். முத்துமாரியின் மகன் காத்தவராயன், ஆரியமாலை என்ற பெண்ணைக் கண்டு மனதைக் கொடுக்கிறான். அவள் வளர்ந்த குலம் மேலானது, அந்தணர் வீடு. அவளைக் கட்டித் தா என்று தாயிடம் வருகிறான். வேண்டாம் மகனே, அது உன் உயிருக்கு உலை என்று தாய் மறிக்கிறாள். அவன் கேட்பதாயில்லை. அவள் ஒரு சோதனை வைக்க, அவன் செய்து முடித்துவிட்டு வந்து நிற்பான். இன்னொன்று வைப்பாள். அதையும் முடிப்பான். இடையில் சின்னான் என்கிற தோழன் வந்து சேர்கிறான். வேஷத்துக்கு மேல் வேஷம் போட்டு ஆரியமாலையை நெருங்குகிற கட்டங்களில் சனம் சிரித்துக் கிடக்கும். கடைசியில் கழுமரம். ஏறி உயிரோடு வந்தால் ஆரியமாலை உனக்கு.

தமிழ்நாட்டிலும் இந்தக் கதை உண்டு. திருச்சிப் பக்கத்தில் காத்தவராயனுக்குக் கோயில்களும் கழுவேற்றமும் இருக்கின்றன. 1958 இல் ரி. ஆர். ராமண்ணா இதைப் படமாக எடுத்தார். சிவாஜி காத்தவராயன், சாவித்திரி ஆரியமாலை. பழைய படமென்று திரும்பப் போட்டபோது ஊரிலிருந்து வான் பிடித்துப் போய்ப் பார்த்தார்கள். திரும்பி வந்த ஆச்சியிடம் படம் எப்படி என்று கேட்டோம். "சிவாஜி நல்லாத்தான் செய்தவர். ஆனால் எங்கடை ஆள் ஏறுற மாதிரி இல்லை" என்றாள். எங்கடை ஆள் சங்கக்கடையில் சீனி நிறுக்கிறவர்.

ஊருக்குக் காசு கூடின வருஷங்களில் பக்கத்துக் கோயில் திருவிழாக்களுக்கு வெளியிலிருந்தும் நாடகம் அழைப்பார்கள். காங்கேசன்துறையிலிருந்து நடிகமணி வி. வி. வைரமுத்துவின் வசந்தகான சபா வந்து மயானகாண்டம் ஆடியதைப் பார்த்திருக்கிறேன். அவர் அந்த நாடகத்தை ஆயிரக்கணக்கான மேடைகளில் ஆடியவர். அரிச்சந்திரனாக அவர் சுடலையில் நின்று பாடத் தொடங்கினால் கைக்குழந்தைகூட அழாது என்று அப்பு சொல்வார். அது உண்மைதான். சங்கரதாஸ் சுவாமிகளின் மரபில் வந்த இசைநாடகம்; கர்நாடக ராகங்கள், தேர்ந்த தொண்டைகள். அங்கே நாங்கள் வாய் பிளந்து கேட்டோம். காத்தானிலோ வாய் திறந்து பாடினோம். இரண்டில் எது பெரியது என்று கேட்டால் கலை தெரிந்தவர்கள் வைரமுத்துவைத்தான் சொல்வார்கள். நானும் அதை மறுக்கமாட்டேன். ஆனால் வைரமுத்து ஆடுகிறபோது எங்கள் அம்மா சேலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. அந்தக் கவலை இல்லாத நாடகத்தில் ஏதோ குறைகிறதென்று எனக்குப் படும்.

மூன்று மணிக்குப் பிறகு பிள்ளைகள் நித்திரையாகிவிடுவார்கள். நானும் அப்படித்தான். கழுமரக் கட்டம் வரும்போது எழுப்பிவிடச் சொல்லி ஆச்சியிடம் சொல்லிவிட்டுச் சரிந்துவிடுவேன். எழும்புகிறபோது கிழக்கு வெளுக்கிற நேரம். மேடைக்கு முன்னால், நிலத்தில், நீளமான மரத்தை நட்டுப் படிகள் அடித்திருப்பார்கள். பெண்கள் அதற்கு மஞ்சள்தண்ணி தெளித்து, பூப் போட்டு, கற்பூரம் கொளுத்துவார்கள். அந்த நேரத்தில் அது கூத்துச் சாமான் அல்ல, கோயில். காத்தான் ஒவ்வொரு படியாக ஏறுவான். படிக்கு ஒரு பாட்டு. தாயைக் கூப்பிட்டு ஒரு படி, தோழனை நினைத்து ஒரு படி, ஆரியமாலையைச் சொல்லி ஒரு படி. ஊரே அழும். வாய்விட்டு, மூக்குச் சிந்தி, பக்கத்தில் இருக்கிறவளின் தோளைப் பிடித்து அழுவார்கள். மரத்தடியில் சிலர் உருவேறி ஆடுவதும் உண்டு. கீழே முத்துமாரி நிற்பாள். சங்கக்கடை மனேச்சர் மேலே, வேட்டி விற்கிற தாத்தா கீழே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் அழுதார்கள். அழுது முடித்து, முகத்தைக் கழுவி, அம்மனுக்குப் பொங்கல் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் மத்தியானம்வரை படுப்பார்கள்.

எங்கள் ஊர் முத்துமாரி, நான் சொன்ன வேட்டி விற்கிற தாத்தாதான். சைக்கிள் கரியரில் வேட்டி, சாறம் கட்டிக்கொண்டு ஊரூராகப் போய் வியாபாரம் செய்வார். வருஷக்கணக்காக அந்த வேஷத்தைக் கட்டுகிறவர். அவருக்கு ஒரே மகள். ஒரு கூத்துக்கும் அடுத்த கூத்துக்கும் இடையில் அந்த அக்கா, வேலிக்கு அங்கால் நின்று கூத்துப் பார்க்கிற சனத்தில் ஒருவனோடு போய்விட்டா. கிளிநொச்சிப் பக்கம் என்றார்கள். ஊர் நடந்துகொண்ட விதத்தை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. காத்தானுக்காக மூக்குச் சிந்தியவர்கள்தான் அந்த வீட்டுப் படலையை அதன் பிறகு திறக்கவில்லை. எங்கள் ஆச்சியும் திறக்கவில்லை.

அடுத்த மாசியில் பழக்கம் தொடங்கியபோது முத்துமாரி யார் என்ற கேள்வி வந்தது. வேறு ஆளைப் போடலாம் என்று சிலர் சொன்னார்கள். அண்ணாவியார் ஒன்றும் பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு தாத்தா வீட்டுக்குப் போனார். அங்கே என்ன கதைத்தார்களோ, அன்றிரவே தாத்தா வந்து பாடத் தொடங்கினார். அரங்கேற்ற இரவில் ஊர் முழுக்க அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு நல்ல ஞாபகம். குலம் பொருந்தாத இடத்தில் ஆசை வைக்காதே என்று மகனுக்குச் சொல்கிற கட்டம். தாத்தாவின் குரல் உடையும் என்று சனம் காத்திருந்தது. உடையவில்லை. எல்லா வருஷமும் பாடியது போலவே பாடினார். வீட்டுக்குத் திரும்புகிற வழியில் அம்மா அதைச் சொல்லி ஆச்சரியப்பட்டாள். "வேஷம் கட்டினால் அது அம்மாள். அவனில்லை" என்றாள் ஆச்சி. அந்த அக்கா அன்றிரவு வந்து வேலிக்கு அங்கால் நின்று பார்த்ததாகவும் கதை உலவியது. நான் காணவில்லை.

இது காதல் கதை என்று எனக்கு உறைத்தது அந்த வருஷம்தான். அதுவரை ஆரியமாலை என்பது மீசை எடுத்த மாமா. அன்றைக்கு முதன்முதலாக, மேடையில் நிற்பவள் யாரோ ஒரு பெண்ணின் இடத்தில் நிற்கிறாள் என்று பட்டது. கூத்தில் அவளுக்குப் பாட்டும் குறைவு. காத்தான் கேட்கிறான், தாய் மறுக்கிறாள், சோதனை வைக்கிறாள். அவளிடம் யாரும் பெரிதாக ஒன்றும் கேட்பதில்லை. பெண்கள் நிறைந்திருந்த அந்தக் கோயில் வீதியில் இது யாருக்கும் குறையாகப் படவில்லை. இன்றைக்கு எனக்குப் படுகிறது.

இந்தக் கதைக்குள் சாதி கிடக்கிறது என்பதை எங்கள் ஊருக்கு எட்டுமுன்பே நெல்லியடியில் கண்டுகொண்டார்கள். 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், உள்ளே போய்க் கும்பிடும் உரிமைக்காகப் போராட்டம் நடந்தது. அந்தக் காலத்தை ஒட்டி என். கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை' நாடகத்தை நெல்லியடி அம்பலத்தாடிகள் குழுவினர் காத்தான் கூத்துப் பாங்கில் மேடையேற்றினார்கள். அம்மாள் வாசலில் ஆடிய அதே மெட்டில் கோயில் கதவைத் திற என்று பாடினார்கள். பேராதனையில் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கிச் செப்பனிட்டு 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என்று பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்ததைப் பற்றிப் புத்தகங்களில் நிறையவே படிக்கலாம். படிக்கத் தக்கதுதான். நெல்லியடிக்காரர் செய்ததைப் பற்றி அவ்வளவு எழுதப்படவில்லை என்பது என் மனத்தாங்கல். கூத்தின் மெட்டை எடுத்து அதன் கதைக்குள் ஒளிந்துகிடந்த கேள்வியை வெளியே கொண்டுவந்தவர்கள் அவர்கள். எங்கள் ஊரில் சிலர் அதைப் பார்த்துவிட்டு வந்து, "காத்தான் மெட்டைக் கெடுத்துப்போட்டாங்கள்" என்றார்கள். மெட்டு அப்படியேதான் இருந்தது.

பிறகு இரவுகள் எங்கள் கையை விட்டுப் போயின. விடியவிடிய ஆடுகிற கூத்துக்கு முதலில் வேண்டியது பயமில்லாத இரவு. 1980களில் அது குறைந்துகொண்டே வந்தது. 1987 இல் வடமராட்சியில் ராணுவ நடவடிக்கை. 1990க்குப் பிறகு மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெயும் தட்டுப்பாடு. பெற்றோல்மாக்ஸ் ஏற்ற எண்ணெய் இருந்தால் அதைத் தோட்டத்துக்கு இறைக்கத்தான் வைத்திருப்பார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற மின்சாரத்தில் ரேப்ரெக்கோடரை ஓடவிட்டு, யாரோ பதிந்து வைத்த காத்தான் கசெற்றைக் கேட்டோம். சுற்றுகிறவனுக்குக் கை ஓய்ந்தால் காத்தானுக்கும் குரல் இழுபடும். மெதுவாக இழுபடுகிற கழுமரப் புலம்பலைக் கேட்டுச் சிரித்த நாட்கள் அவை. வைரமுத்து 1989 இல் காலமானார். மேசன் மாமா போனார், அண்ணாவியாரும் போனார். சிவப்பு மட்டைக் கொப்பி யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கொரு வீட்டைக் காட்டுகிறார்கள்.

இப்போது திரும்பவும் ஆடுகிறார்கள். வடமராட்சியில் பல கோயில்களில் காத்தான் நடக்கிறது. ஒலிவாங்கி ஒவ்வொருவரின் காதோரமும் ஒட்டியிருக்கிறது, சீனுக்குப் பதில் பின்னால் வெளிச்சத் திரை. பெண்பிள்ளைகள் ஆரியமாலையாக ஆடுகிறார்கள். நான் பார்த்த ஒரு பிள்ளை, தலை குனிந்து நிற்க வேண்டிய இடத்தில் நிமிர்ந்து காத்தானை நேரே பார்த்துப் பாடினாள். பழைய ஆட்கள் முகம் சுளித்தார்கள். எனக்குப் பிடித்திருந்தது.

பெரியப்பாவின் மகன், அந்த முட்டைக்கோப்பிச் சின்னக் காத்தான், ரொறன்ரோவில் இருக்கிறான். அங்கே ஊர்ச்சங்கம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கூத்துப் போட்டதாம். இவனுக்கு இப்போது கழுவேறுகிற வேஷம். மண்டபத்தைப் பத்து மணிக்கு விட வேண்டும், ஒரு நிமிஷம் பிந்தினாலும் தண்டம். ஒன்பதரைக்கு ஏறி ஒன்பதே முக்காலுக்கு இறங்கினானாம். போனில் அதைச் சொல்லிவிட்டு, "அது பரவாயில்லையடா. நேரம் காணாதெண்டு சின்னானை முழுசா வெட்டிப்போட்டாங்கள். சின்னான் இல்லாமல் காத்தான் ஆரோடை கதைக்கிறது?" என்று கேட்டான். அடுத்த வருஷம் மண்டபத்தைப் பின்னேரம் நாலு மணியிலிருந்து எடுக்கச் சொல்லிக் கூட்டத்தில் சண்டை பிடிக்கப் போவதாகச் சொன்னான். கூட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமை.